நீங்கள் சும்மா இருக்கும்போது எவ்வளவு செலவு?

நாணயம் போட்டால் எடைச் சீட்டு தரும் இயந்திரம் நமக்குப் பழக்கமானது. அட்டையின் ஒரு புறம் எடை. மறுபுறம் ஒரு சினிமா நட்சத்திரத்தின் படமோ இரண்டு வரிச் சோதிடமோ இருக்கும். எடையை நம்புவோம். சோதிடத்தைப் படித்துச் சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். இப்போது அந்த இயந்திரத்தின் பேரன் ஊர் ஊராக வந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உலோகத் தகடுகளின் மேல் நிற்கச் சொல்கிறான். வயது என்ன, உயரம் என்ன, ஆணா பெண்ணா என்று கேட்கிறான். அரை நிமிடத்தில் முழ நீளச் சீட்டு ஒன்றை நீட்டுகிறான். கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை கிலோ, 'உடலின் வயது' இத்தனை என்று போகும் வரிசையில் 'பி.எம்.ஆர். 1378' என்பது போல ஓர் எண்ணும் இருக்கும். சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடல் ஒரு நாளில் இவ்வளவு கிலோகலோரி செலவழிக்கிறது என்பது அதன் பொருள். அந்த எண்ணை வைத்து, "இவ்வளவுதான் சாப்பிட வேண்டும்" என்று அறிவுரை கூறவும் ஆள் இருக்கிறார்.

வாசகர்களே, இந்தக் கட்டுரை அந்த ஓர் எண்ணைப் பற்றிய விமர்சனம். அது எடையைப் போன்றதா, சோதிடத்தைப் போன்றதா என்று பார்ப்போம்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது, மூளை தன் வேலையை நிறுத்துவதில்லை. இவற்றுக்கெல்லாம் ஆகும் ஆற்றலே ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வீதம். மிகக் கண்டிப்பான நிபந்தனைகளுடன் விடியற்காலையில் வெறும் வயிற்றில் அளந்தால் அதை அடிப்படை வீதம் என்கிறார்கள். நிபந்தனைகளைச் சற்றுத் தளர்த்தி அளந்தால் ஓய்வுநிலை வீதம்; இது அடிப்படை வீதத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சீட்டு அச்சடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இந்தச் செலவு உடல் முழுவதும் ஒரே சீராக நடப்பதன்று. ஒரு கிலோ இதயமும் ஒரு கிலோ சிறுநீரகமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 440 கிலோகலோரி கேட்கும். மூளைக்கு ஒரு கிலோவுக்கு 240. கல்லீரலுக்கு 200. எலும்புகளை அசைக்கும் தசை ஓய்வில் இருக்கும்போது ஒரு கிலோவுக்கு வெறும் 13. கொழுப்புக்கு 4 அல்லது 5 போதும். ஆக, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான நம் மூளை, இருபது கிலோவுக்கு மேல் உள்ள தசைகளை விட அதிகமாகவோ அதற்குச் சமமாகவோ செலவழிக்கிறது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குக் கொழுப்பு அதிகம், மற்றவருக்கு உள்ளுறுப்பும் தசையும் அதிகம் என்றால் இருவர் செலவும் ஒன்றாக இராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, இதை எப்படி அளப்பது? விறகு எவ்வளவு எரிந்தது என்பதை அடுப்புக்குள் போன காற்றைக் கொண்டு கணக்கிடலாம் அல்லவா? 1780களில் பிரெஞ்சு நாட்டு லவாய்சியே கினியாப் பன்றியை வைத்துக் காட்டிய உண்மை அதுதான்: மூச்சு என்பதும் ஒருவகை எரிதலே. நாம் உள்ளே இழுக்கும் பிராணவாயுவில் ஒரு லிட்டர் உடலில் செலவானால் ஏறத்தாழ 4.8 கிலோகலோரி வெளிப்படும். ஓய்வில் நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவழிப்பவருக்கு நாளொன்றுக்கு 1380 கிலோகலோரி சொச்சம் வரும். மின்சாரக் கணக்கில் சொன்னால் இது சுமார் 67 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று விடாமல் எரிவது போல!

நம் மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு காலத்தில் பெனடிக்ட்-ராத் கருவி என்று ஒன்று இருந்தது. நீரில் மிதக்கும் மணி போன்ற கலத்தில் பிராணவாயுவை நிரப்பி வைப்பார்கள். படுத்திருப்பவரின் வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு கவ்வி. அவர் வெளிவிடும் கரியமில வாயுவைச் சோடாச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். பிராணவாயு குறையக் குறைய மணி மெல்லக் கீழிறங்கும். அதோடு இணைந்த பேனா, சுழலும் உருளையின் தாளில் சரிவான கோடு ஒன்றை வரையும். ஆறு நிமிடக் கோட்டின் சரிவே விடை. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் இந்த வீதம் ஏறும், சோம்பினால் இறங்கும் என்பதால் மருத்துவர்கள் இதை நோயறியப் பயன்படுத்தினார்கள். இரத்தத்திலேயே தைராய்டு இயக்குநீரை அளக்கும் முறைகள் வந்ததும் கருவி அலமாரிக்குப் போய்விட்டது. இப்போது பெரிய மருத்துவமனைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் தலைக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு கூடு கவிழ்த்து, பிராணவாயு, கரியமில வாயு இரண்டையும் அளக்கிறார்கள். 1949இல் வெயர் என்பவர் அமைத்த சமன்பாடு இரண்டையும் சேர்த்துக் கலோரியாக மாற்றித் தரும்.

கருவி எளியது. அளப்பது எளிதன்று. சோதனைக்கு வருபவர் முதல் நாள் இரவுக்குப் பின் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. செரிமானமே ஒரு செலவு. முந்தின நாள் கடும் உழைப்பு கூடாது. காலையில் காபி கூடாது (காஞ்சிபுரத்தில் இந்த ஒரு நிபந்தனைக்கே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்). அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், ஆனால் தூங்கிவிடக் கூடாது. அறை வெப்பமாகவும் இருக்கக் கூடாது, குளிராகவும் இருக்கக் கூடாது. குளிரூட்டிய அறையில் மெல்லிய வேட்டியுடன் ஒருவரைப் படுக்க வைத்தால் நடுக்கத்திலேயே எண் ஏறிவிடும். வாயில் குழாயை முதல் தடவை வைக்கும்போது பயத்தினாலும் ஏறும். ஆகவே ஒரு முறை பழக்கிவிட்டு, மறுநாள் அளப்பதுதான் முறை.

இன்னொரு கண்ணியும் உண்டு. வெப்பமான காற்று விரியும். அதில் நீராவியும் கலந்திருக்கும். 30 டிகிரி செல்சியஸில் ஈரக் காற்றாக அளந்த ஒரு லிட்டரை 0 டிகிரியில் உலர்ந்த காற்றாகக் கணக்கிட்டால் 860 மில்லிலிட்டர் அளவுதான் தேறும். 4.8 என்ற எண் அந்த உலர்ந்த லிட்டருக்கு உரியது. இந்தத் திருத்தத்தை மறந்தால் விடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வீங்கிவிடும். மறக்காவிட்டாலும், அளவில் நிமிடத்துக்குப் பத்து மில்லிலிட்டர் பிழை வந்தால் நாளொன்றுக்கு 70 கிலோகலோரி பிழை. நம் பக்கத்துக் கோடையில் வேலை செய்யும் மாணவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது சீட்டுக்கு வருவோம். அதைத் தந்த இயந்திரம் உங்கள் மூச்சைப் பிடித்ததா? இல்லை. அப்படியானால் அது எதையும் அளக்கவில்லை. எடையை மட்டும் அளந்தது. பாதங்களின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் தரும் தடையைப் பார்த்து, உடலில் நீர் எவ்வளவு என்று ஊகித்தது. நீரிலிருந்து கொழுப்பல்லாத எடையை ஊகித்தது. அதிலிருந்தோ, நீங்கள் சொன்ன வயதிலும் உயரத்திலும் இருந்தோ ஒரு வாய்பாட்டின்படி எண்ணைக் கணக்கிட்டது. ஊகத்தின் மேல் ஊகம். நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு முறை உண்மையான வயதைச் சொல்லி நில்லுங்கள். இறங்கி, இருபது வயது கூட்டிச் சொல்லி மறுபடி நில்லுங்கள். இப்போது பரவலாக வழங்கும் மிஃப்லின் வாய்பாட்டில் வயதுக்கு ஆண்டொன்றுக்கு 5 கிலோகலோரி கழிவு. ஆகவே எண் 100 இறங்கியிருக்கும். இரண்டு நிமிடத்தில் உங்கள் கல்லீரலுக்கு இருபது ஆண்டு மூப்பு வந்துவிடவில்லை. உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் கூட்டிச் சொன்னால் 62 ஏறும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறினாலும் பத்துப் பன்னிரண்டு ஏறக்கூடும். தண்ணீருக்கும் வளர்சிதை மாற்றம் உண்டு போலும்!

வாய்பாடுகளை நான் இகழவில்லை. ஆயிரம் பேருக்கு உணவுத் திட்டம் போடுபவர் ஆயிரம் பேரையும் கூட்டுக்குள் படுக்க வைக்க முடியாது. ஆனால் ஒரு வாய்பாடு என்பது யாரோ சிலரை அளந்து எடுத்த சராசரி. யாரை அளந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்காரும் ஒரு நெசவாளரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயது 45, எடை 50 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். அமெரிக்காவில் ஆர்தர் ஹாரிஸும் பிரான்சிஸ் பெனடிக்டும் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து 1919இல் வெளியிட்ட வாய்பாடு இவருக்கு 1251 கிலோகலோரி என்கிறது. 1990இல், அமெரிக்காவிலேயே 498 பேரை அளந்து மிஃப்லின் குழுவினர் தந்தது 1280 என்கிறது. 1985இல் ஐக்கிய நாடுகளின் உணவு, சுகாதார அமைப்புகள் சேர்ந்து உலகம் முழுவதற்குமாக ஏற்றுக்கொண்ட ஸ்கோஃபீல்டு வாய்பாடு 1459 என்கிறது. அதிலிருந்து ஐந்து சதவீதம் குறைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வைத்துக்கொண்ட வாய்பாடு 1378. ஹென்றி 2005இல் திருத்தி அமைத்த வாய்பாடு 1303. ஒரே மனிதர், ஒரே தறி, ஐந்து விடைகள். கீழ் விடைக்கும் மேல் விடைக்கும் 208 கிலோகலோரி வித்தியாசம். அதாவது நாளொன்றுக்கு 60 கிராம் அரிசி. மாதத்துக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல். இது ஓய்வுக்கு மட்டும் ஆகும் கணக்கு. உழைப்பைச் சேர்க்க இதை 1.8 ஆல் பெருக்குவது வழக்கம். பிழையும் கூடவே பெருகும்.

ஐந்தில் உலக வாய்பாடு மட்டும் ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது? அதற்கு அடிப்படையான 7173 அளவுகளில் 3388 இத்தாலியருடையவை. அவர்களில் பலர் இளம் படைவீரர்கள். வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தவர்கள் வெறும் 322 பேர். ஹென்றி இதை எடுத்துக்காட்டித்தான் இத்தாலியரை விலக்கிப் புதிதாகக் கணக்கிட்டார். உலகம் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு வந்ததில் பாதி ஒரே நாடாக இருந்தது. பாதிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வந்தது போலத்தான் இது.

இங்கே காஞ்சியிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு உடல்கள் முதன்முதலில் இந்த அளவுகோலால் அளக்கப்பட்ட இடங்களுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த எலினார் மேசன், பாஸ்டன் நகரத்து ஊட்ட ஆய்வகத்தின் தலைவரான அதே பெனடிக்டுடன் சேர்ந்து, 'தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம்' என்ற ஆய்வை 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். அமெரிக்க அளவுகோலைவிடத் தென்னிந்தியப் பெண்களின் வீதம் சுமார் 17 சதவீதம் குறைவு என்பது முடிவு. அடுத்த ஆண்டே கிருஷ்ணன், வரீது இருவரும் சென்னைக் கல்லூரி மாணவ மாணவியரை அளந்து அதே திசையில் விடை கண்டார்கள்.

அரைத் தூக்கத்தில் படுத்திருந்ததால் எண் குறைந்திருக்குமோ என்று யாருக்கும் ஐயம் எழும். 1934இல் மேசனும் பெனடிக்டும் தூக்கத்திலேயே அளந்து பார்த்தார்கள். விழித்திருந்தபோது இருந்ததைவிடத் தூக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மேலும் குறைந்தது. அப்படியானால் முதலில் அளந்தது தூக்கத்தை அன்று. வேலையில் குறை சொல்ல இடமில்லை. அந்தக் காலத்தில் இவ்வளவு பொறுமையாகச் செய்தவர்கள் குறைவு.

குறை முடிவைப் படித்த விதத்தில் இருக்கிறது. பெனடிக்ட் 1932இல் 'மனித வளர்சிதை மாற்றத்தில் இனக்கூறு' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியர் குறைவு, யுகடான் பகுதி மாயா மக்களோ அமெரிக்க அளவுகோலைவிடக் கூடுதல். இரண்டு கூட்டத்தாரும் வெயிலில் வாழ்பவர்கள்தாம். ஆகவே வெப்பம் மட்டும் காரணமாக முடியாது. இனமே காரணம் என்பது அவர் சாய்வு. வெப்பத்தை விலக்கிய தருக்கம் நல்ல தருக்கம். ஆனால் வெப்பமில்லாவிட்டால் இனம் என்று தாவியது தருக்கமன்று. இடையில் எத்தனையோ இருந்தன. அந்தப் பெண்களின் உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, உள்ளுறுப்புகள் எவ்வளவு? அவற்றை உயிருள்ளவரிடம் எளிதாக அளக்க அன்று வழியில்லை. எடையும் உயரமும் மட்டும் தெரிந்தன. மேலும், 'குறைவு' என்ற சொல்லே பாஸ்டனைத் தரை மட்டமாக வைத்துக்கொண்டதால் வந்தது. சென்னையைத் தரை மட்டமாக வைத்திருந்தால் அமெரிக்கப் பெண்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு அதிகம் என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் காரணத்தை அமெரிக்காவில் தேடியிருப்பார்கள்.

மேசன் இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. 1964இல், மேரி ஜேக்கப், பாலகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, மும்பையிலிருந்த இந்தியப் பெண்களையும் ஐரோப்பியப் பெண்களையும் வளர்சிதை மாற்றத்தில் மட்டுமின்றி உடலமைப்பிலும் ஒப்பிட்டு எழுதினார். கேட்க வேண்டிய கேள்வியை நோக்கி ஆய்வு நகரத் தொடங்கிவிட்டது. அதற்கான தெளிவான விடையைப் பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியில் உழைத்த ஷெட்டி, சோரஸ், பியர்ஸ் முதலியோரிடம் காண்கிறோம். உலக வாய்பாடு இந்தியருக்கு அதிகம் காட்டுகிறது என்று 1988இல் சோரஸும் ஷெட்டியும் முதலில் நிறுவினார்கள். அதோடு நின்றிருந்தால் பெனடிக்டின் முடிவே மறுபடியும் வந்திருக்கும். 1998இல் இந்தியரையும் ஆஸ்திரேலியரையும் அளந்து, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத எடை எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்தபோது, இனத்தால் வேறுபாடு உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஐம்பது கிலோ இந்தியரின் உடலில் எரியும் பகுதி சற்றுக் குறைவு, எரியாத கொழுப்பு சற்று அதிகம். அடுப்பு வேறு வகை அல்ல, சிறிய அடுப்பு.

"இதற்கு ஏன் இவ்வளவு கோபம்? நூறு இருநூறு கலோரிதானே" என்று கேட்பீர்கள். அந்த நூறு இருநூறு வைத்துத்தான் ஒரு காலத்தில் யார் ஏழை என்று தீர்மானித்தார்கள். திட்டக் குழு அமைத்த பணிக்குழு 1979இல் கிராமத்தாருக்கு நாளொன்றுக்கு 2400, நகரத்தாருக்கு 2100 கிலோகலோரி என்று கோடு போட்டது. அந்த உணவை வாங்க ஆகும் செலவே வறுமைக் கோடாயிற்று. 2009இல் தெண்டுல்கர் குழு அந்தப் பிடியைத் தளர்த்தும் வரை இதுவே நடைமுறை. அந்த ஆண்டுகளில் பெரிய வாதம் ஒன்றும் நடந்தது. ஐக்கிய நாடுகள் உணவு நிறுவனத்தில் புள்ளியியல் துறையை நடத்திய பி. வி. சுகாத்மே, மனித உடல் குறைந்த உணவுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும், ஆகவே சராசரித் தேவைக்குக் கீழே உண்பவர் எல்லோரும் பட்டினி என்று எண்ணுவது மிகை என்றார். டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இன்னும் ஓர் அடி முன்னே போய், உருவம் சிறிதாக இருந்தாலும் ஆரோக்கியமாக இருக்கலாம் என்ற முழக்கத்தையே தந்தார்.

சுகாத்மே சாதாரண அறிஞர் அல்லர். ஒரே மனிதரின் தேவை நாளுக்கு நாள் மாறும், சராசரியைக் கத்தி போல வெட்டப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் வாதத்தில் இருந்த நியாயம். இந்தக் கட்டுரையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் குறைந்த செலவை உடலின் சிக்கனம் என்று பெயரிட்டபோது ஒரு பெரிய செலவு மறைந்துபோயிற்று. குறைவாக உண்ட உடல் குறைவாக எரிப்பதில் வியப்பில்லை. அது தன் தசையை இழந்திருக்கிறது, குழந்தைப் பருவத்தில் வளரவேண்டிய உயரத்தை இழந்திருக்கிறது. எரிப்பதற்கு உடலே குறைவு. அதைத் தகவமைப்பு என்று பாராட்டுவது, பாதி வீட்டை விற்றவனைப் பார்த்து "உனக்கு வீட்டுவரி மிச்சம்" என்று சொல்வதைப் போன்றது. சேலத்தில் பிறந்து, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தலைவராக இருந்த சி. கோபாலன் இந்த வாதத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்த்ததில் அறிவியலும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. இரண்டும் பொருத்தமே என்பேன்.

இந்தச் சர்ச்சை பழங்கதை என்று நினைத்தால் இன்றைய பட்டியல்களைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையில் மாதிரி ஆணின் எடை 60 கிலோ. மிதமான உழைப்புக்கு அவருக்கு 2730 கிலோகலோரி. 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் அவர் எடை 65 கிலோ ஆகிவிட்டது; உணவோ 2710. ஐந்து கிலோ கூடியும் சோறு கூடவில்லை, இருபது குறைந்திருக்கிறது. எப்படி? நீங்களே கணக்குப் போடலாம். உலக வாய்பாட்டின்படி இளம் ஆணுக்கு எடையை 15.3 ஆல் பெருக்கி 679 கூட்ட வேண்டும். 65 கிலோவுக்கு 1673.5. உழைப்புக்காக 1.8 ஆல் பெருக்கினால் 3012. பத்து சதவீதம் குறைத்தால் 2711. முன்பு இதே இடத்தில் ஐந்து சதவீதம் குறைத்தார்கள். 60 கிலோவுக்கு அப்படிச் செய்து பாருங்கள், 2730ஐ ஒட்டி வந்து நிற்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியர் உடல் மாறிவிடவில்லை. கழிக்கும் விகிதம் மாறியது.

பத்து சதவீதம் கழித்தது தவறு என்று நான் சொல்லவரவில்லை. பெங்களூர் அளவுகளோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. பழைய எண்கள் அதிகம் என்பது மெய். நம் நகரத்து அலுவலகக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. என் ஆட்சேபம் வேறு. கழிவு எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கிறது. கல்லூரி மாணவரிடம் அளந்தெடுத்த சராசரி தறிக்குழியில் கால் மாற்றி மாற்றி மிதிக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறோம். அவர் உடலில் கொழுப்பு குறைவாகவும் தசை அதிகமாகவும் இருந்தால் அதே ஐம்பது கிலோவுக்கு அவர் செலவு சராசரியைத் தாண்டும். எது உண்மை என்று அறிய வாய்பாடு உதவாது. ஒரு விடியற்காலையில், காபிக்கு முன், கூடு ஒன்றைக் கவிழ்த்து அளக்க வேண்டும்.

அந்த வசதி இல்லாத நமக்கு ஓய்வு வீதம் தெரியாமல் போனாலும் மொத்தச் செலவை வீட்டிலேயே மதிப்பிடலாம். இரண்டு வாரம் உண்ணும் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதி வையுங்கள். ஒரே தராசில், காலைக் கடன் முடித்தபின், தினமும் எடை பாருங்கள். எடை ஏறாமல் இறங்காமல் நின்றால், நீங்கள் உண்டதே உங்கள் முழுச் செலவு. சலிப்பான வேலைதான். கையால் எழுதும் அந்தக் கணக்கிலும் பிழை வரும். எண்ணெய்க் கரண்டியைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். ஆனால் அது உங்கள் உடலைப் பற்றிய கணக்கு, இத்தாலியப் படைவீரரைப் பற்றியது அன்று. சீட்டின் எண்ணைவிட இது நிச்சயம் கூடுதலாகவே வரும். ஏனென்றால் நீங்கள் நாள் முழுவதும் படுத்திருப்பதில்லை.

உழைப்பைச் சேர்க்கும்போது வரும் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நம் ஊட்டச்சத்து நூல்களின் தொழில் பட்டியலில் தையற்காரர் உட்கார்ந்த வேலைக்காரர். நெசவாளர் ஆணானாலும் பெண்ணானாலும் மிதமான உழைப்பாளி. பட்டியல் போட்டவர் தறியைப் பார்த்தவர் என்று மகிழலாம். ஆனால் கோர்வைச் சேலையில் மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பவரும், ஊடைக்குத் தார் சுற்றுபவரும், இடையில் சோறும் வடித்து வைப்பவரும் பல வீடுகளில் ஒரே பெண்தான். கணக்கெடுக்க வருபவர் கேட்டால், "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்ற பதில் வரும். அந்தப் பதிலை எழுதிக்கொண்டால் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 55 கிலோ எடைக்கு அவருக்கு உரியது 1660 கிலோகலோரி. நெசவாளர் என்று எழுதிக்கொண்டால் 2130.